வாயால் சொன்னால்தான் கணக்கு

ஆமையாரே,

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து பார்த்தால், மாடித் தொட்டிக்குப் போகிற குழாயில் மூட்டு விட்டுப்போய் சுவரெல்லாம் தண்ணீர். ஆள் கூப்பிட மனசு வரவில்லை. இந்த வீட்டுக் குழாயில் உங்களைத் தவிர யாரும் கை வைத்ததில்லை. கட்டிலுக்கு அடியில் இருந்த உங்கள் பையை இழுத்து, குழாய் ஒட்டுகிற பசை டப்பாவைத் தேடி மூடியைத் திருகினேன். அந்த வாசனை வந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உங்கள் சட்டைக் கை, நகம், டிபன் பாக்ஸ் மூடி எல்லாமே அந்த வாசனைதான் அடிக்கும். சோறு போடும்போது எத்தனை தடவை மூக்கைச் சுளித்திருப்பேன்.

டப்பாவுக்குக் கீழே மஞ்சள் பையில் சுற்றி அது இருந்தது. ஒரு அடி நீளத்துக்கு வெட்டிய முக்கால் இஞ்சுக் குழாய். மேலே நீளவாக்கில் ஒரு கீறல். உருளாமல் இருக்க இரண்டு முனையிலும் எல்போ என்கிற வளைவு மூட்டு ஒட்டிய கால். புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு அது என்னவென்றே தெரியாது. கூடவே ரப்பர் பேண்டு போட்ட நாற்பது சீட்டு. என் சீட்டு. நீங்கள்தான் எடுத்து வைத்திருக்கிறீர்கள்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். கடுதாசி எழுதிப் பழக்கமில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன். அதை யாரிடமும் கேட்க முடியவில்லை. உங்களிடம்தான் கேட்க வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும். செவ்வாய், வியாழன், சனி. காலை ஏழு மணிக்கு டயாலிசிஸ் மிஷினில் போட்டால் பதினொரு மணி வரை இடது கையை அசைக்கக் கூடாது. அகரத்திலிருந்து குஜிலியம்பாறை வரைக்கும் போர்வெல் குழியில் மோட்டார் இறக்கித் திரிந்த மனுஷன். தண்ணீரிலேயே பிழைத்தவருக்கு, ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான் குடிக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அன்றைக்கு நீங்கள் சிரித்தீர்கள். "ஊருக்கெல்லாம் தண்ணி கொண்டாந்து விட்டேன். எனக்கு வால்வ அடைச்சிட்டாங்க" என்றீர்கள்.

மூன்றாம் கட்டில் உங்களுடையது. இரண்டாம் கட்டிலில் தோல் வியாபாரம் பார்க்கிற பாய். நாலாம் கட்டிலில் வடமதுரை நிவேதா. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த பிள்ளை, நம் மகள் ஜெனியை விட அஞ்சாறு வயசு மூத்தவள். அவள்தான் ஒரு நாள் செருப்புப் பெட்டி நிறையச் சீட்டைக் கொண்டுவந்தாள்.

"இதுக்கு நாலு பேரு வேணும். அக்கா, நீங்க ஸ்டூல்ல சும்மாதானே உக்காந்திருக்கீங்க?"

"சீட்டா? எங்க வீட்ல தெரிஞ்சா மிஷினைப் புடுங்கி விட்டுருவாங்க" என்றார் பாய்.

"இது காசு வச்சு ஆடுற சீட்டு இல்ல பாய். ராட்சசன், மந்திரவாதி, பறக்கிற பாம்பு. கதை மாதிரி."

"அப்பச் சரி. ராட்சசனுக்கும் எனக்கும் ஒரு பகையும் இல்ல. போடு."

ஆளுக்கு நாற்பது சீட்டு. எந்த நாற்பது என்று அவரவரே பெட்டியிலிருந்து பொறுக்கிச் சேர்க்க வேண்டும். பாதி ஆட்டம் அதில்தான். வேண்டாததைக் கொடுத்து வேண்டியதை மாற்றிக்கொள்ளலாம். ஆளுக்கு இருபது உயிர். சிஸ்டர் மருந்துக் குப்பியிலிருந்து கழற்றிப் போடுகிற சின்னப் பிளாஸ்டிக் மூடிகளைக் கழுவி, உயிருக்கு அடையாளமாக வைத்துக்கொண்டோம். அடிபட்டவர் தன் மூடியை எடுத்து டப்பாவில் போட வேண்டும். மூடி தீர்ந்தவர் வெளியே. கடைசியில் மிஞ்சுகிறவர் ஜெயித்தார். சாப்பாட்டு மேசையைக் கட்டில்களுக்கு நடுவே தள்ளிக்கொண்டு ஆடினோம். உங்கள் மூன்று பேருக்கும் ஒரு கைதான் உபயோகம். அதனால் அடுத்த தடவை வரும்போது நாலு குழாய்த் துண்டைக் கீறி எடுத்து வந்தீர்கள். சீட்டைக் கீறலில் செருகிவிட்டால் அது நிற்கும். எதிராளிக்கு முதுகுதான் தெரியும். பாய் அதைத் தடவித் தடவிப் பார்த்தார். "மாப்ள, இதுக்கு நீ வெளிநாட்டுல பொறந்திருக்கணும்."

சீட்டில் எல்லாம் இங்கிலீஷ். எனக்குப் படத்தைப் பார்த்துத்தான் ஞாபகம். நானே பேர் வைத்துக்கொண்டேன். கட்டெறும்பு, கொம்பன் ஆடு, முக்காடு போட்ட கிழவி. நிவேதா சிரித்துச் சிரித்து, கடைசியில் அவளே அந்தப் பேர்களைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

நாலு பேருக்கும் நாலு புத்தி. என் நாற்பதும் சின்னச் சின்ன உருப்படி. முதல் மூன்று சுற்றிலேயே பாய்ந்து அடித்துவிடுவேன். அப்புறம் அடிக்க ஆள் இல்லாமல் வெறும் கையோடு உட்கார்ந்திருப்பேன்.

"அக்கா, ரெண்டு பேரு ஆடினா வேகம் நல்லதுதான். நாலு பேர்ல நீங்க ஒருத்தர அடிச்சு ஓய்ஞ்சீங்கன்னா, மத்த ரெண்டு பேரு நோகாம வளந்துருவாங்க. கோவத்தப் பிரிச்சு வச்சுச் செலவு பண்ணுங்க" என்பாள் நிவேதா.

"அவளுக்கு அது வராது பாப்பா. அவ கோவம் ஒரே மூச்சு" என்பீர்கள் நீங்கள்.

பாய் அடிக்கவே மாட்டார். அவர் சேர்த்ததெல்லாம் மற்றவருக்குக் கொடுக்கிற சீட்டு. "இந்தா தங்கச்சி, ஒரு குதிரை வச்சுக்க. ரெண்டு சுத்துக்கு என் கோட்டைப் பக்கம் வராத." இப்படி ஆளாளுக்குக் கொடுத்து வாயைக் கட்டிவிட்டு நடுவில் உட்கார்ந்திருப்பார். நிவேதாவுடையது தடுக்கிற சீட்டு. நாம் யோசித்து யோசித்து ஒன்றைப் போட்டால், தலையைக்கூடத் தூக்காமல் "செல்லாது" என்பாள்.

நீங்கள் எப்படி என்று ஊருக்கே தெரியும். முதலில் சுவர். அதற்கு மேல் இன்னொரு சுவர். உள்ளே முதுகில் மலையைச் சுமந்த அந்த ஆமை. ஆமையைப் போட்டால் மூன்று சுற்றுத் தூங்கும். விழித்தால் ஒரே அடியில் பத்து மூடி காலி. அது விழிக்கிற வரைக்கும் நாங்கள் மூன்று பேரும் அடித்துக்கொண்டு சாக வேண்டும், நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அதில்தான் ஆமையார் என்று நான் பேர் வைத்தேன். பொய் சொல்வானேன், பேர் அதற்கு முன்னாலேயே பொருத்தம்தான். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பையே முக்கால் மணி நேரம் காக்க வைத்தவர்.

ஆட்டத்தில் இன்னொரு வழக்கத்தைக் கொண்டுவந்தது பாய். ஒருவருடைய கடைசி மூடியை எடுக்கிறவர், அவர் முகத்தைப் பார்த்து "செத்துட்டீங்க" என்று வாயால் சொல்ல வேண்டும். சொன்னால்தான் கணக்கு. சொல்லாவிட்டால் உயிர் இருக்கிறது, அடி செல்லாது.

"எதுக்கு பாய் இந்த வேண்டாத வேலை?" என்று நான் கேட்டேன்.

"இங்க படுத்திருக்கிற எல்லாருக்கும் உள்ளுக்குள்ள அந்தப் பயம்தான் தங்கச்சி. நாலு தடவை சொல்லி, நாலு தடவை கேட்டுட்டா அதுக்கு மருவாதி போயிரும்."

அவர் சொன்னது நிஜம்தான். நிவேதா ராகம் போட்டுச் சொல்வாள். பாயை வெளியேற்றும்போது நீங்கள் "போய்ச் சேந்துட்டீங்க பாய், செத்துட்டீங்க" என்பீர்கள். அவர் நெஞ்சில் கை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். சிஸ்டர்கூடச் சிரிப்பார். நானும் பாயிடம் சொல்லியிருக்கிறேன், நிவேதாவிடம் சொல்லியிருக்கிறேன். உங்களிடம் மட்டும் சொன்னதில்லை. உங்கள் மூடி இரண்டு மூன்றுக்கு இறங்கினால் என் ஆடு வேறு பக்கம் திரும்பிவிடும். வாயில் வராது. கையில் இரண்டு ஊசி குத்தி, உடம்பு ரத்தமெல்லாம் வெளியே ஒரு குழாய்க்குள் சுற்றிக்கொண்டிருக்கிற புருஷன் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்ல? யாரும் இதைக் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்தச் சித்திரையில் பெரிய டாக்டர் என் ரத்தத்தையும் பார்க்கச் சொன்னார். இருவருக்கும் ஒரே குரூப். அப்புறம் ஸ்கேன், இன்னும் என்னென்னவோ. கடைசியில், "உங்க ரெண்டு கிட்னியும் நல்லா இருக்கும்மா. ஒண்ணு குடுக்கலாம். ஆனா ரொம்பத் தள்ளிப் போடாதீங்க, அவரு இதயம் வீங்க ஆரம்பிச்சிருக்கு" என்றார். ஸ்கேன் கவரை மார்போடு பிடித்துக்கொண்டு பஸ்ஸில் தன்னாலேயே சிரித்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா என்ன விசேஷம் என்றே கேட்டுவிட்டார்.

நீங்கள் கவரைத் திறக்கவேயில்லை. வேண்டாம் என்றீர்கள்.

"பேருக்காவது யோசிச்சுச் சொல்லுங்களேன்."

"யோசிச்சுட்டேன். ஒரு வீட்டுக்கு ஒரு நோயாளி போதும்."

"எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு டாக்டரே சொல்லுறாரு."

"நிவேதா அம்மாகிட்டயும் அப்படித்தான் சொன்னாங்க."

நிவேதாவுக்கு அவள் அம்மா கொடுத்ததுதான். இரண்டு வருஷம் ஓடியது, மூன்றாம் வருஷம் உடம்பு அதைத் தள்ளிவிட்டது. இவள் மறுபடியும் மிஷினுக்கு வந்தாள். அம்மாவுக்கு ஒன்று குறைந்ததுதான் மிச்சம். அவளே ஒரு நாள் சொன்னாள், "எனக்குப் போனதுகூடப் பரவால்ல அண்ணே. அம்மா காய்ச்சல்னு படுத்தா ராத்திரியெல்லாம் பக்கத்துலயே உக்காந்துக்கிறேன்" என்று. அதைக் கேட்டதிலிருந்து நீங்கள் பூட்டிக்கொண்டீர்கள். "ஜெனிக்கு ஒருத்தராவது முழுசா இருக்கணும் புள்ள" என்பதோடு பேச்சு நின்றுவிடும். ஒரு மாதம் வீட்டில் இதேதான். நான் அழுதேன், கத்தினேன், இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். நீங்கள் சுவருக்கு மேல் சுவர் வைத்துக்கொண்டே போனீர்கள்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை, ஊசி குத்தி முடித்து சிஸ்டர் அந்தப் பக்கம் போனதும், நீங்களே சொன்னீர்கள்.

"ஏ மேரி. செவ்வாய்க்கிழமை ஆட்டத்துல நீ ஜெயிச்சா நான் கையெழுத்துப் போடுறேன். நான் ஜெயிச்சா இந்தப் பேச்ச நீ எடுக்கவே கூடாது. என்கிட்டயும் சரி, ஜெனிகிட்டயும் சரி, பங்குச் சாமியார்கிட்டயும் சரி. வேற யாராச்சும் ஜெயிச்சா மறுபடி ஆடுவோம்."

பாய்க்கு முகம் செத்துவிட்டது. "கிட்னிய வச்சு எவனாவது சீட்டாடுவானா மாப்ள? பேசித் தீத்துக்கங்க."

"பேசிப் பாத்தாச்சு பாய். ரெண்டு பேரும் விடுறதா இல்ல. இப்படியாச்சும் ஒரு முடிவு வரட்டும்."

நான் சரி என்றேன். யோசிக்கவே இல்லை. என் கோபம் ஒரே மூச்சுதானே.

அந்த மூன்று நாளும் எனக்கு வேறு நினைப்பு இல்லை. நிவேதா சொன்ன மாதிரி பாதி எறும்பை எடுத்துவிட்டுக் கனமான உருப்படியைச் சேர்த்தேன். அன்றைக்கே அவளிடம் முக்காடு போட்ட கிழவியைக் கொடுத்து, ஒரு புதுச் சீட்டை மாற்றிக்கொண்டேன். படத்தில் ஒரு கிண்ணம், அதில் சிவப்பாக ஏதோ. "ரத்தக் கிண்ணம் அக்கா. உங்க மூடியில எத்தனைய நீங்களா எடுத்து இதுல போடுறீங்களோ, அத்தனை மூடி எதிராளிக்கும் போயிரும். சுவர் இருந்தாலும் தடுக்க முடியாது" என்றாள். உங்கள் சுவருக்கு அதை விட்டால் வேறு மருந்து கிடையாது என்று பட்டது.

இன்னொன்றும் செய்தேன். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, சத்தத்துக்குள் நின்று, சொல்லிப் பழகினேன். செத்துட்டீங்க. செத்துட்டீங்க. முதல் தடவை பாதியிலேயே நிறுத்திவிட்டேன். பத்தாவது தடவை அது வெறும் சத்தமாகிவிட்டது. சரி, சொல்லிவிடலாம் என்று நம்பிக்கை வந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை யாரும் சிரிக்கவில்லை. மேசையைத் தள்ளிக்கொண்டு வரும்போதே சக்கரம் கிரீச் கிரீச் என்றது. இரண்டு பக்கமும் சாயக் கூடாது என்று நீங்கள் சொல்லியிருந்தும், பாய் என் பக்கம் சாய்ந்தார். முதல் சுற்றிலேயே எனக்கு இரண்டு குதிரை கொடுத்தார். "வியாபாரம்தான் மாப்ள, வேற ஒண்ணும் இல்ல." வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் அடிக்கவும் செய்தார், உங்கள் சுவரில் போய். அதைப் பார்த்த நிவேதா பாயை அடித்து வெளியேற்றினாள். "செத்துட்டீங்க பாய்." ராகம் இல்லை. பாயும் கண்ணை மூடவில்லை.

அப்புறம் நான் நிவேதாவின் பக்கம் திரும்பினேன். அவளிடம் தடுக்கிற சீட்டு தீர்கிற வரைக்கும் சின்னதாகச் சின்னதாகப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் சொல்லிக் கொடுத்ததுதான், கோபத்தைப் பிரித்துச் செலவு பண்ணினேன். பத்தரை மணி வாக்கில் அவள் கடைசி மூடியும் போனது. "செத்துட்ட பாப்பா" என்றேன். வாய் குளறாமல் வந்தது. அப்போது உங்களைப் பார்த்தேன். நீங்கள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

என்னிடம் அஞ்சு மூடி. ஒரு சுவரை உடைத்துப் பாயும் நானும் உங்களையும் இறக்கிவிட்டிருந்தோம், உங்களிடம் மூன்று. ஆனால் இன்னொரு சுவர் அப்படியே நிற்கிறது. ஆமை படுத்திருக்கிறது. இரண்டு சுற்று முடிந்துவிட்டது. மூன்றாவது சுற்றும் முடிந்தால் அது விழிக்கும், பத்து அடிக்கும், என் அஞ்சு போய்விடும்.

உங்கள் முறை. நீங்கள் கண் சீட்டைப் போட்டீர்கள். அதைப் போட்டால் எதிராளி தன் சீட்டைத் திருப்பிக் காட்ட வேண்டும். போட்டவர் அதில் ஒன்றைத் தூக்கி எறியலாம். நான் குழாயை உங்கள் பக்கம் திருப்பினேன். மூன்றே சீட்டு. கொம்பன் ஆடு, தீப்பந்தம், ரத்தக் கிண்ணம். முடிந்தது என்று நினைத்தேன். நீங்கள் ஒவ்வொன்றாகப் பார்த்தீர்கள். அவசரமே இல்லை. தீப்பந்தத்தை இரண்டு விரலால் உருவி எறிந்தீர்கள்.

கிண்ணம் என் கையில்தான் இருந்தது.

புதுச் சீட்டு, அது என்னவென்று உங்களுக்குத் தெரியவில்லை என்று நினைத்தேன். மாதாவே, நன்றி என்று மனசுக்குள் சொன்னேன். மூன்று மூடியை என் கையால் எடுத்துக் கிண்ணத்தில் போட்டால் போதும். உங்கள் மூன்றும் போய்விடும். எனக்கு இரண்டு மிஞ்சும். ஒரு சொல்லுக்கு அந்தப் பக்கம் உங்கள் கையெழுத்து, ஆபரேஷன், ஜெனியின் கல்யாணப் பந்தலில் நீங்கள்.

கிண்ணத்தின் மேல் விரலை வைத்தேன். அப்போது நீங்கள் கொட்டாவி விட்டீர்கள்.

உங்களோடு இருந்த யாருக்கும் அந்தக் கொட்டாவி என்னவென்று தெரியும். மிஷினில் இருக்கும்போது பிரஷர் இறங்கப் போகிறது என்றால் முதலில் அதுதான் வரும். நான் சிஸ்டரைக் கூப்பிடுவதற்குள் உதடு வெளுத்து நெற்றியில் முத்து முத்தாக வேர்த்துவிட்டது. மிஷின் கத்த ஆரம்பித்தது. சிஸ்டர் ஓடி வந்து மேசையைத் தள்ளி, தலைமாட்டை இறக்கி, காலைத் தூக்கி வைத்து, சலைனைத் திறந்துவிட்டார். "அண்ணே, கண்ணத் திறங்க. அண்ணே." நான் உங்கள் வலது காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காலில் சூடு இல்லை. இரண்டு நிமிஷம் இருக்குமா? நிவேதா அவள் கட்டிலிலிருந்து என் முந்தானையை எட்டிப் பிடித்திருந்தாள்.

கண்ணைத் திறந்தீர்கள். செத்த நேரம் கூரையைப் பார்த்தீர்கள். அப்புறம் மேசையைத் தேடினீர்கள்.

"கலைச்சிடலாம் மாப்ள. இன்னொரு நாளைக்கு வச்சுக்கலாம்" என்றார் பாய்.

"வேணாம். அவ முறை." என் பக்கம் திரும்பினீர்கள். உதட்டில் இன்னும் ரத்தம் ஏறவில்லை. "போடு மேரி. என்ன வச்சிருக்கியோ அதப் போடு."

மிஷின் இன்னும் ஒரு சின்னச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. மூன்று நாள் பழகிய சொல் வாய்க்குள்ளேயே இருந்தது. இப்போதுதான் அது வந்து உங்கள் கட்டிலைச் சுற்றிவிட்டுப் போயிருக்கிறது. நான் கூப்பிட்டால் திரும்பி வந்துவிடும் என்று தோன்றியது. படித்தவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாக இருக்கும். எனக்கு அப்போது அதை விட நிஜமாக ஒன்றுமில்லை.

"என்கிட்டப் போட ஒண்ணும் இல்ல" என்றேன்.

நீங்கள் என் குழாயையே பார்த்தீர்கள். அப்புறம் ஆமையைத் திருப்பினீர்கள். என் அஞ்சு மூடியையும் நானே எடுத்து டப்பாவில் போட்டேன்.

"செத்துட்ட புள்ள" என்றீர்கள். முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்பது வழக்கம். நீங்கள் மிஷினைப் பார்த்துச் சொன்னீர்கள். பாய் அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு மூடிகளைப் பொறுக்கினார்.

சொன்ன வாக்கை நான் காப்பாற்றினேன். அதற்கப்புறம் ஒரு தடவைகூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஜெனி போனில் கேட்டபோது, "அப்பா வேணாங்குறாரு, விட்டுரு" என்றேன். டாக்டர் கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டேன். ஸ்கேன் கவரைத் துணிக்கு அடியில் வைத்தேன். நாம் ஆட்டத்தையும் விடவில்லை. நீங்கள் முன்னை விட எனக்கு இசைவாக நடந்துகொண்டீர்கள். தண்ணீர் அளவைச் சொன்னால் முறைக்க மாட்டீர்கள், உப்பில்லாத வெஞ்சனத்தை முகம் சுளிக்காமல் சாப்பிட்டீர்கள். எட்டு மாதம். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், மிஷினுக்குக் கிளம்பச் சட்டை போட்டுக்கொண்டிருந்தீர்கள். ஒரு கையை நுழைத்தாயிற்று. இன்னொரு கை நுழையவில்லை. நான் அடுப்படியிலிருந்து "நேரமாச்சு, ஆமையாரே" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு அந்தச் சொல்லை டாக்டர் சொன்னார். நான் சொல்லாமல் விட்டதால் ஒன்றும் அது வராமல் இருந்துவிடவில்லை.

குழாயை நானே ஒட்டினேன். உரசி, துடைத்து, பசை தடவி, செருகித் திருகி, நூறு எண்ணுகிற வரைக்கும் பிடித்துக்கொண்டேன், நீங்கள் செய்கிற மாதிரி. ஒழுகவில்லை. அப்புறம் சீட்டு நிவேதாவுடையது, கொடுத்துவிட வேண்டும் என்று செவ்வாய்க்கிழமை காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பாய் இப்போது மதுரையில் மகன் வீட்டில் இருக்கிறார், அங்கேயே மிஷின். மூன்றாம் கட்டிலில் யாரோ ஒரு வாத்தியார். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. நிவேதா என்னைக் கண்டதும் ஊசி குத்தாத கையை நீட்டினாள்.

சீட்டுக் கட்டைப் பிரித்துப் பார்த்தவள் கிண்ணத்தைக் கையில் எடுத்தாள்.

"இது அண்ணன் உங்களுக்குக் குடுக்கச் சொன்னதுல்ல அக்கா."

"எது?"

"நீங்க கீழ மாத்திரை வாங்கப் போயிருந்தீங்க. அண்ணன் பெட்டியக் கிண்டிக்கிட்டு இருந்தாரு. இது என்னன்னு கேட்டாரு, படிச்சுச் சொன்னேன். திரும்ப ஒரு தடவை படிக்கச் சொன்னாரு. வேணுமாண்ணேன்னு கேட்டேன். 'உசுரக் குடுக்கிற சீட்டு எனக்கெதுக்கு பாப்பா? இருக்கிறதே கொஞ்சம். அவதான் குடுக்குறேன் குடுக்குறேன்னு நிக்கிறா, அவகிட்ட மாத்தி விடு'ன்னாரு. நான் சொன்னேன்னு சொல்லாதன்னாரு."

"எப்ப?"

"அந்தப் பந்தயம் போட்டீங்கல்ல அக்கா, அன்னைக்குத்தான்."

கிண்ணத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே அவளே சொன்னாள். "நீங்க அண்ணன மட்டும் எப்பவும் வெளியேத்த மாட்டீங்க. அது எங்க மூணு பேருக்கும் தெரியும். அண்ணன்தான் முதல்ல கவனிச்சாரு."

கிண்ணத்தை அவள் என்னிடமே கொடுத்துவிட்டாள். மற்ற முப்பத்தொன்பதும் பெட்டிக்குப் போய்விட்டன. அதை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். நீங்கள் வேண்டாம் என்று சொன்ன கிட்னியும் என்னிடம்தான் இருக்கிறது, இடுப்புக்கு இரண்டு பக்கமும், இரண்டும். ராத்திரி ஒருக்களித்துப் படுத்தால் எந்தப் பக்கத்தது உங்களுடையது என்று யோசிக்கிறேன். டாக்டர் எதை எடுப்பதாக இருந்தார் என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.

அது என்ன சீட்டு என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு தடவை படிக்கக் கேட்டிருக்கிறீர்கள். அதை என் கையில் வர வைத்ததே நீங்கள்தான். கண் சீட்டைப் போட்டு அதை நேராகப் பார்த்தீர்கள், பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்த தீப்பந்தத்தை எறிந்தீர்கள். போடு மேரி என்றும் சொன்னீர்கள். இத்தனை நாள் உங்களுக்குத் தெரியாது, எனக்குத்தான் தெரியும், என் வாய்தான் உங்களைக் கொன்றது என்று நினைத்து அழுதுகொண்டிருந்தேன். இப்போது அந்த அழுகையும் நேராக வரமாட்டேன் என்கிறது.

ஒன்றே ஒன்று சொல்லுங்கள், ஆமையாரே. அந்தக் கிண்ணத்தை என் கையில் விட்டு வைத்தது, இவள் எப்படியும் சொல்ல மாட்டாள் என்று தெரிந்தா, இல்லை, இந்த ஒரு தடவையாவது சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தா?